தழும்பா, மறுவா? கைக்குழந்தைகளின் சிறுநீர்த்தொற்றும் படப்பரிசோதனை முடிவுகளும்: ஒரு வரலாற்று ஆய்வு (1960–2023)

ஆய்வுச்சுருக்கம்

ஓராண்டு நிறையாத குழந்தைக்குக் காய்ச்சலுடன் சிறுநீர்ப்பாதைத் தொற்று ஏற்பட்டால் எந்தெந்தப் படப்பரிசோதனைகளைச் செய்ய வேண்டும் என்ற வினாவுக்கு மருத்துவ உலகம் அறுபதாண்டுகளில் தந்துள்ள விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. 1991இல் இலண்டனில் கட்டாயம் எனக் கருதப்பட்ட பரிசோதனை 2007இல் அங்கேயே விலக்கத்தக்கது ஆயிற்று. புதிய கருவிகளின் வருகை மட்டுமே இம்மாற்றத்தை விளக்கிவிடாது. படத்தில் தெரிந்த குறையை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் நேர்ந்த மாற்றமே இதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கைக்குழந்தை, சிறுநீர்த்தொற்று, பின்னோட்டம், சிறுநீரகத் தழும்பு, எம்.சி.யு., டி.எம்.எஸ்.ஏ., வழிகாட்டு நெறிமுறை.

முன்னுரை

கைக்குழந்தைக்குத் தன் நோவைச் சொல்லத் தெரியாது. பெரியவர்களுக்குச் சிறுநீர்த்தொற்றின் அடையாளங்களாக அமைகின்ற எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் இவ்வயதில் புலப்படுவதில்லை. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல், சில வேளைகளில் மஞ்சள்காமாலை ஆகியவையே வெளித்தெரிபவை. இவை எந்த நோய்க்கும் உரியவை. ஆகவே இந்நோயின் வரலாறு தொடக்கத்திலிருந்தே கண்டறிதலின் வரலாறாக அமைந்துவிட்டது. கிராட்சு நகரின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் தியோடர் எஷெரிக், தம் பெயரால் இன்று அறியப்படும் குடல் நுண்ணுயிரே குழந்தைகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்குக் காரணமாவதை 1894இல் எழுதினார். நோயை உண்டாக்கும் உயிரி எது என்பது இவ்வாறு முன்னரே விளங்கிவிட்டது. தொற்று வந்த குழந்தையின் சிறுநீரகத்துக்குப் பிற்காலத்தில் என்ன நேரும் என்பதுதான் விளங்காதிருந்தது. படப்பரிசோதனைகள் விடையளிக்க முயன்றது இவ்வினாவுக்கே.

கையாளப்படும் கலைச்சொற்களை இங்கே வரையறுத்துக்கொள்வது நலம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழல் சிறுநீர்நாளம். பையிலிருந்து வெளியே செல்லும் வழி சிறுநீர்ப்புறவழி. பையில் சேர்ந்த சிறுநீர் நாளத்தின் வழியே மேல்நோக்கித் திரும்புவது பின்னோட்டம். நாளம் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழைவதால், பை நிறையும்போது அந்நுழைவாயில் அழுந்தி மூடிக்கொள்கிறது. ஒருவழிக் கதவு போன்ற இவ்வமைப்பைக் கிரேக்க மருத்துவர் காலன் அறிந்திருந்தார். உயிருள்ள விலங்குகளின் சிறுநீர்நாளங்களைக் கட்டிப்போட்டு அவர் இதனை மெய்ப்பித்துக் காட்டினார். பிறவியிலேயே நாளத்தின் நுழைவுப்பகுதி குட்டையாக அமைந்தால் அக்கதவு சரிவர மூடாது.

காணும் கருவியும் காணப்பட்ட நோயும்

சிறுநீர்ப்பாதையைப் படமெடுக்கும் கலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. 1906இல் ஃபோல்க்கரும் ஃபான் லிக்டென்பெர்க்கும் வெள்ளிக்கூழ்மத்தைச் சிறுநீர்நாளத்தினுள் செலுத்திப் படமெடுத்தனர். 1929இல் மோசஸ் சுவிக் பெர்லினில் யூரோசெலக்டன் என்ற அயோடின் மருந்தைச் சிரைவழியே செலுத்திச் சிறுநீரகத்தைத் துலக்கிக்காட்டினார். குழந்தைகளைப் பொறுத்தவரை திருப்புமுனையாக அமைந்தது எம்.சி.யு. என்று மருத்துவமனைகளில் சுருக்கமாக வழங்கும் பரிசோதனையாகும். புறவழியில் மெல்லிய வடிகுழாயை நுழைத்து, பையைக் கதிர்புகா மருந்தால் நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும் அதே கணத்தில் ஊடுகதிர்ப்படம் எடுப்பது இதன் முறை. பின்னோட்டத்தை நேரில் காணும் வழி இதனால் கிட்டியது. இப்பரிசோதனை வலியும் கதிர்வீச்சும் உடையது. வடிகுழாய் வழியே புதுத்தொற்று புகவும் இடமுண்டு. பிற்கால விவாதங்கள் அனைத்தின் அடியிலும், மேசைமேல் கிடத்திப் பிடித்துக்கொள்ளப்பட்டு அழும் குழந்தை இருப்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

1952இல் ஹட்ச் என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர், தண்டுவடம் பழுதுற்றோரிடம் காணப்பட்ட பின்னோட்டத்தைச் சிறுநீரகக் கேட்டோடு தொடர்புபடுத்தினார். 1960இல் இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹாட்சனும் எட்வர்ட்சும் நாட்பட்ட சிறுநீரக அழற்சியையும் பின்னோட்டத்தையும் இணைத்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. சிறுநீரகத்தின் ஓரிடத்தில் திசு மெலிந்து, அதன் கீழுள்ள கிண்ணக்குழிவு மழுங்கித் தடித்திருக்கும் தோற்றத்தை ஹாட்சன் தழும்பு என அடையாளப்படுத்தினார். தழும்பு உள்ளவர்களிடம் பின்னோட்டம் மிகுதியாகக் காணப்பட்டது. இந்தச் சேர்க்கையிலிருந்து ஒரு காரணச் சங்கிலி கோக்கப்பட்டது: பின்னோட்டம் தொற்றை மேலேற்றுகிறது, தொற்று தழும்பை உண்டாக்குகிறது, தழும்பு சிறுநீரகச் செயலிழப்புக்கு இட்டுச் செல்கிறது, எனவே பின்னோட்டத்தைத் தேடிப்பிடித்துத் தடுத்தால் செயலிழப்பையும் தடுக்கலாம். 1973இல் நியூசிலாந்தின் ராஸ் பெய்லி இதனைப் 'பின்னோட்டச் சிறுநீரக நோய்' எனப் பெயரிட்டழைத்தார். காரணத்தையே பெயராகச் சூட்டிவிட்டபின் அக்காரணத்தை ஐயுறுவது எளிதன்று.

இங்கே மொழி சார்ந்த ஒரு குறிப்பு பொருந்தும். தமிழில் தழும்பு என்பது புண் ஆறியபின் எஞ்சுவது. மறு என்பது பிறக்கும்போதே உடன்வருவது. ஊடுகதிர்ப்படத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சுருங்கி மெலிந்த சிறுநீரகப் பகுதியைத் தழும்பு என்று அழைத்த கணத்திலேயே, அது பிறந்தபின் நேர்ந்த கேடு, ஆகவே தடுத்திருக்கக்கூடியது என்ற முடிவும் சொல்லோடு சேர்ந்து வந்துவிட்டது. அடுத்த முப்பதாண்டுப் பரிசோதனைகள் அனைத்தும் இந்த ஒரு சொல்லின் மேல் நின்றன என்பது மிகையாகாது.

முதல் தொற்றே முடிவானது என்ற கருத்து

கைக்குழந்தைகள் இவ்விவாதத்தின் நடுவிடத்துக்கு வந்தமைக்குத் தனிக்காரணம் உண்டு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ரோல்ஸ்டனும் அவர்தம் துணைவர்களும் 1970இல் வெளியிட்ட ஆய்வு, கடும் பின்னோட்டமுள்ள கைக்குழந்தைகளிடமே சிறுநீரகக் கேடு மிகுந்திருப்பதைக் காட்டியது. பின்னர் இலண்டனில் ரான்ஸ்லியும் ரிஸ்டனும் பன்றிக்குட்டிகளிடம் நடத்திய சோதனைகள் இதற்கு உடற்கூற்று விளக்கம் அளித்தன. சிறுநீரகத்தின் மேல், கீழ் முனைகளில் உள்ள சில கூட்டுக்காம்புகளின் துளைகள் அகன்று திறந்திருப்பதால், பின்னோடிய சிறுநீர் சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே புகுகிறது. அச்சிறுநீரில் நுண்ணுயிர்கள் இருப்பின் முதல் தாக்குதலிலேயே அப்பகுதி அழிந்து தழும்பாகிறது. 1978இல் வெளியான இம்முடிவு 'பெருவெடிப்புக் கருத்து' என்று வழங்கலாயிற்று.

இதன் நடைமுறைப் பொருள் அச்சமூட்டுவது. முதல் தொற்றிலேயே கேடு நிகழுமாயின் இரண்டாவது தொற்றுக்குக் காத்திருப்பது காலங்கடந்த செயலாகிவிடும். ஆகவே முதல் தொற்றைக் கண்டவுடன், அதுவும் வயது குறையக் குறைய விரைவாக, எல்லாப் பரிசோதனைகளையும் செய்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். ஆனால் இதே கருத்தை மறுமுனையிலிருந்தும் வாசிக்கலாம். முதல் தொற்றிலேயே கேடு முடிந்துவிடுகிறது என்றால், அதன்பின் பின்னோட்டத்தைக் கண்டுபிடித்து என்ன பயன்? இவ்வினாவை அன்று உரக்க எழுப்பியோர் மிகச்சிலர்.

1991இல் பிரித்தானிய அரச மருத்துவர் கல்லூரியின் பணிக்குழு வெளியிட்ட பரிந்துரை இச்சிந்தனையின் உச்சம். ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதல் தொற்றுக்குப்பின் மீயொலிப் படம், எம்.சி.யு., டி.எம்.எஸ்.ஏ. ஆகிய மூன்றும் செய்யவேண்டும் என அது கூறியது. டி.எம்.எஸ்.ஏ. என்பது டெக்னீசியம் கலந்த கதிரியக்க மருந்தைச் சிரையில் செலுத்தி, சிறுநீரகப் புறணியில் அது எங்கே படிகிறது, எங்கே படியவில்லை என்று காட்டும் பரிசோதனை. படியாத இடம் அழற்சியாகவோ தழும்பாகவோ இருக்கும். அழற்சி சில மாதங்களில் மறையக்கூடும் என்பதால், நிலையான தழும்பைக் காணப் பல மாதங்கள் கழித்து இதனைச் செய்வர். 1999இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இரண்டு மாதம் முதல் இரண்டாண்டு வரையுள்ள குழந்தைகளுக்கு மீயொலிப் படத்தோடு பின்னோட்டம் காணும் பரிசோதனையையும் முதல் தொற்றுக்குப்பின் பரிந்துரைத்தது.

கேட்கப்படாத வினா

பின்னோட்டத்தைக் கண்டபின் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, 1958இல் பொலிட்டானோவும் லெட்பெட்டரும் விவரித்தது போன்ற அறுவைமுறையால் நாளத்தைப் பையில் புதிதாகப் பதித்தல். மற்றொன்று, இலண்டனின் ஜீன் ஸ்மெல்லி முன்னின்று பரப்பிய முறை: குறைந்த அளவில் நுண்ணுயிர்க்கொல்லியை நாள்தோறும் நீண்டகாலம் கொடுத்துத் தொற்றைத் தடுத்தல். பின்னோட்டம் பல குழந்தைகளிடம் வளர வளரத் தானே மறைவதை ஸ்மெல்லியின் நீண்ட கண்காணிப்பு காட்டியிருந்தது. அறுவைக்கத்தி அவசரப்படலாகாது என்ற அளவில் அது நல்லதொரு பாடம்.

இவ்விரண்டில் எது சிறந்தது என அறிய முறையான சோதனைகள் நடந்தன. கடும் பின்னோட்டமுள்ள குழந்தைகளை ஐந்தாண்டுகள் கண்காணித்த பர்மிங்காம் குழு 1987இல் முடிவை வெளியிட்டது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இணைந்த பன்னாட்டுப் பின்னோட்ட ஆய்வு அதனினும் பெரியது. பின்னோட்டத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரம்பிரிக்கும் இன்றைய அளவுகோல் அதற்கெனவே 1980களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டதாகும். இரு ஆய்வுகளிலும் புதுத்தழும்புகளின் அளவில் அறுவைக்கும் மருந்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று நிகர் என்று மருத்துவ உலகம் இதனைப் பொருள்கொண்டது.

இரண்டும் நிகராகப் பயனளிப்பதால் இம்முடிவு வந்திருக்கலாம்; இரண்டும் நிகராகப் பயனற்றவையாக இருப்பினும் இதே முடிவுதான் வந்திருக்கும். எந்தச் சோதனையிலும் மருத்துவமே பெறாத ஒப்பீட்டுக்குழு இருக்கவில்லை. அறமற்றது எனக் கருதியே அத்தகைய குழு தவிர்க்கப்பட்டது. இத்துறையின் வரலாற்றில் இவ்வினா கேட்கப்படாது போனதே பெருங்குறை என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. அன்றைய மருத்துவர்களைக் கவனமற்றோர் என்று இதனால் சொல்லிவிட முடியாது. சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகளைத் தம் பிரிவுகளில் நாள்தோறும் கண்டவர்கள் அவர்கள். மருந்தின்றி ஒரு குழந்தையை விட்டுவைக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அவர்கள் கண்டவை பெரிய மருத்துவமனைகளை வந்தடைந்த கடுமையான நிகழ்வுகள் மட்டுமே. ஒருமுறை காய்ச்சல் வந்து, மருந்துண்டு தேறி, மீண்டும் திரும்பாத பெருந்தொகையினர் அவர்தம் பார்வைக்கு வரவேயில்லை.

சங்கிலி தளர்ந்த விதம்

தளர்ச்சி மூன்று திசைகளிலிருந்து வந்தது. முதலாவது, கருவிலிருக்கும்போதே எடுக்கப்படும் மீயொலிப் படம். 1980களிலிருந்து இது பரவியபோது, சிறுநீரகம் விரிந்த நிலையிலுள்ள சிசுக்கள் பிறப்பதற்கு முன்பே அடையாளங்காணப்பட்டன. பிறந்தபின் இவர்களுட் சிலருக்குக் கடும் பின்னோட்டம் தெரிந்தது, பெரும்பாலோர் ஆண்குழந்தைகள். ஒரு தொற்றும் வந்திராத இவர்களுட் சிலரின் சிறுநீரகங்கள் டி.எம்.எஸ்.ஏ. படத்தில் ஏற்கெனவே குறைபட்டிருந்தன. தழும்பு எனப்பட்டவற்றுள் ஒரு பகுதி உண்மையில் மறு என்பது இதனால் வெளிப்பட்டது. கருவில் சிறுநீரகம் உருவாகும்போதே நேர்ந்த வளர்ச்சிக்குறையை எந்த மருந்தும் பின்னர் தடுக்க இயலாது.

இரண்டாவது, மக்கள்தொகைச் சான்று. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சிறுநீரகச் செயலிழப்புப் பதிவேட்டை ஆராய்ந்து கிரெய்கும் அவர்தம் குழுவினரும் 2000இல் எழுதிய கட்டுரை துணிவான வினா ஒன்றை எழுப்பியது. 1960களிலிருந்து பின்னோட்டத்தைத் தேடி மருத்துவம் செய்துவந்தும், அதனால் விளைவதாகக் கருதப்பட்ட இறுதிநிலைச் சிறுநீரகச் செயலிழப்பு குறைந்துள்ளதா? குறைந்தமைக்குச் சான்றில்லை என்பதே அவர்கள் கண்ட விடை.

மூன்றாவது, படப்பரிசோதனைகளையே சோதித்த ஆய்வு. அமெரிக்காவில் ஹோபர்மனும் குழுவினரும் ஒன்று முதல் இருபத்துநான்கு மாத வயதுள்ள 309 குழந்தைகளைக் காய்ச்சலுடன் கூடிய முதல் தொற்றின்போதே ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். மீயொலிப் படம் 88 விழுக்காட்டினருக்கு இயல்பாக இருந்தது. பிறருக்குத் தெரிந்தவையும் மருத்துவத்தை மாற்றவில்லை. எம்.சி.யு. செய்யப்பட்டோருள் 39 விழுக்காட்டினரிடம் பின்னோட்டம் இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடம் எடுக்கப்பட்டோருள் தழும்பு காணப்பட்டோர் 9.5 விழுக்காட்டினரே. முற்காப்பு மருந்து உண்மையில் பயன்தருமாயின் மட்டுமே எம்.சி.யு.வுக்குப் பொருளுண்டு என அவர்கள் எழுதியது, நாற்பதாண்டுக் காலம் கேட்கப்படாதிருந்த வினாவை அவைக்கு நடுவே வைத்தது.

அதன்பின் ஒப்பீட்டுக்குழுவுடன் கூடிய சோதனைகள் அடுத்தடுத்து வந்தன. ஆஸ்திரேலியாவில் 576 குழந்தைகளிடம் நடந்து 2009இல் வெளியான சோதனையில், மருந்துண்டோருள் 13 விழுக்காட்டினருக்கும் போலிமருந்துண்டோருள் 19 விழுக்காட்டினருக்கும் தொற்று மீண்டது. 2010இல் வெளியான சுவீடன் சோதனை மூன்றாம், நான்காம் தரப் பின்னோட்டமுள்ள 203 குழந்தைகளை ஆராய்ந்து, பெண்குழந்தைகளுக்கு மருந்து பயனளிப்பதைக் கண்டது. 2014இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 607 குழந்தைகள் பங்குபெற்றனர். மருந்து மறுதொற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆனால் தழும்பில் வேறுபாடில்லை. மீண்டும் தொற்று வந்தோருள், மருந்துண்டவர்களிடம் காணப்பட்ட எஷெரிசியா கோலியில் 63 விழுக்காடு அம்மருந்துக்கு மசியாதது. போலிமருந்துண்டவர்களிடம் அது 19 விழுக்காடு.

நெறிமுறைகள் பிரிந்த பாதை

2007இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் புதிய நெறிமுறையை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை 48 மணிநேரத்தில் மருந்துக்குத் தேறினால் ஆறு வாரத்துக்குள் ஒரு மீயொலிப் படம் போதும். அது பிறழ்ந்திருந்தால் மட்டும் எம்.சி.யு.வைக் கருதலாம். குழந்தை கடுமையாக நோயுற்றிருந்தாலோ, சிறுநீரின் வேகம் குறைந்திருந்தாலோ, கிரியாட்டினின் உயர்ந்திருந்தாலோ, எஷெரிசியா கோலி அல்லாத நுண்ணுயிர் வளர்ந்தாலோ அது இயல்புமீறிய தொற்று. அப்போது மூன்று பரிசோதனைகளும் வேண்டும். 1991இன் விதி வயதை மட்டும் பார்த்தது. புதிய விதி குழந்தையைப் பார்க்கச் சொன்னது. சிறுநீரின் வேகம் இப்பட்டியலில் இடம்பெற்றதற்குக் காரணம், ஆண்குழந்தைகளின் புறவழியைப் பிறவியிலேயே அடைத்து நிற்கும் சவ்வுக்கதவு நோய். பரிசோதனையைக் குறைக்கும்போது தவறவிடவே கூடாத நோய் இதுவாகும். தவறினால் குழந்தை இரு சிறுநீரகங்களையும் இழக்க நேரிடலாம்.

சுவீடனின் யோட்டபோரி நகரில் ஹான்சன் முதலானோர் 2004இல் வேறொரு வழியை முன்வைத்தனர்: முதலில் டி.எம்.எஸ்.ஏ., அது பிறழ்ந்திருந்தால் மட்டும் எம்.சி.யு. சிறுநீரகம் கேடுற்றதா என்பதே முதன்மை வினா, பின்னோட்டம் இரண்டாவது என்ற அளவில் இது தருக்கத்துக்கு உகந்தது. கதிரியக்க மருந்து கிடைக்கும் ஊர்களுக்கு மட்டுமே உகந்தது என்பது இதன் குறை.

2011இல் அமெரிக்கக் கழகம் தன் பழைய நிலையைக் கைவிட்டது. ஆறு சோதனைகளிலிருந்து 1091 குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஒன்று முதல் நான்காம் தரம் வரையான பின்னோட்டத்துக்கு முற்காப்பு மருந்து பயனளிப்பதாகத் தெரியவில்லை. ஆகவே முதல் தொற்றுக்குப்பின் எல்லோர்க்கும் எம்.சி.யு. வேண்டா என்றும் மீயொலிப் படம் மட்டும் போதும் என்றும் அது வகுத்தது. அதே கழகத்தின் சிறுநீரியல் பிரிவினரே அடுத்த ஆண்டு எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்தனர். இதில் ஒரு முரண் உள்ளது. மருத்துவத்தை மாற்றுவதில்லை என ஹோபர்மன் குழு காட்டிய மீயொலிப் படம் நிலைபெற்றது. பின்னோட்டத்தை உறுதியாகக் காட்டும் எம்.சி.யு. விலக்கப்பட்டது. மீயொலிப் படம் வலியற்றது, கதிர்வீச்சற்றது, கையருகே கிடைப்பது. எதைக் கண்டறிகிறது என்பதைவிட எவ்வளவு துன்புறுத்தாது என்பதே அதனைக் காத்தது எனலாம். இதில் தவறேதும் இல்லை. ஆனால் நெறிமுறையின் வாசகம் இதனை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அதே 2011இல் இந்தியக் குழந்தைச் சிறுநீரகவியல் கழகம் வெளியிட்ட திருத்திய நெறிமுறை ஓராண்டுக்குட்பட்டோர்க்கு மூன்று பரிசோதனைகளையும் தொடர்ந்து பரிந்துரைத்தது. ஒரே சான்றுகளைக் கண்ட இரு நாடுகள் எதிரெதிர் முடிவுக்கு வந்தமை வியப்பன்று. கருவுற்ற ஒவ்வொரு தாய்க்கும் தரமான மீயொலிப் படம் எடுக்கப்படும் நாட்டில், பிறவிக்குறைகள் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. அவ்வுறுதி இல்லாத நாட்டில் முதல் தொற்றே முதல் வாய்ப்பு. ஆயினும், எம்.சி.யு.வுக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கும், டி.எம்.எஸ்.ஏ.வுக்காக அதனினும் தொலைவிலுள்ள பெருநகருக்கும் செல்லவேண்டிய பெற்றோரின் சுமை, அந்நெறிமுறையை நடைமுறையில் எவ்வளவு செல்லுபடியாக்கியிருக்கும் என்பது தனியே ஆராயத்தக்கது. 2023இல் வெளியான அக்கழகத்தின் புதிய நெறிமுறை, மீயொலிப் படத்தை எல்லோர்க்கும் வைத்து, எம்.சி.யு.வை மறுதொற்று, மீயொலிப் பிறழ்ச்சி, இரண்டாண்டுக்குட்பட்டோரிடம் எஷெரிசியா கோலி அல்லாத தொற்று ஆகியவற்றுக்குச் சுருக்கியது.

எல்லைக்கு வெளியே நிற்கும் வயது

இவ்விவாதத்தில் மிக இளையோர் பற்றிய பேச்சே மிகக் குறைவு. 1999, 2011 அமெரிக்க நெறிமுறைகள் இரண்டும் இரண்டு மாதத்துக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தம் எல்லைக்கு வெளியே நிறுத்தின. பெரும்பாலான சோதனைகளும் அவ்வாறே செய்தன. பிறவிக்குறை வெளிப்படுவதற்கும் குருதியில் நஞ்சு பரவுவதற்கும் வாய்ப்பு மிகுந்த வயது இதுவே. பெண்களைவிட ஆண்குழந்தைகளுக்குத் தொற்று மிகுதியாக வருவதும் இம்மாதங்களில்தான். இவர்களுக்கு என்ன செய்வது என்பதை மருத்துவர்கள் மூத்த குழந்தைகளின் தரவுகளிலிருந்து ஊகித்தே வந்துள்ளனர்.

2023இல் வெளியான ஐரோப்பியச் சோதனை இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. ஒன்று முதல் ஐந்து மாத வயதுடைய, மூன்றாம் தரமோ அதற்கு மேற்பட்டதோ ஆன பின்னோட்டமுள்ள, ஆனால் ஒருமுறையும் தொற்று வந்திராத 292 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டாண்டுகளில் மருந்துண்டோருள் 21.2 விழுக்காட்டினருக்கும், மருந்தின்றி இருந்தோருள் 35.6 விழுக்காட்டினருக்கும் முதல் தொற்று ஏற்பட்டது. புதுத்தழும்புகளில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை. மருந்தின்றி இருந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு, கடும் பின்னோட்டம் இருந்தும், அக்காலத்தில் ஒரு தொற்றும் வரவில்லை.